களி தின்னச் சொன்னவள்

2023 செப்டம்பரில், தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன்.

அது ஊட்டச்சத்து மாதம். ஐ.நா. அந்த வருஷத்தைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. தன்னார்வலர்களாகப் போன ஐந்து பேரில் நன்றாகப் பேசுகிறவள் என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தால் பெரிசு என்று சார்ட்டைக் காட்டிப் பேசி முடித்தேன். முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், “அதெல்லாம் சரி பாப்பா, உங்க ஊட்ல என்ன சாப்புடுறீங்க?” என்று கேட்டார்.

“எங்க வீட்லயும் களிதான் பாட்டி.”

எங்கள் வீட்டில் பொன்னி அரிசிச் சோறு. களி நான் எப்போதோ ஓட்டலில் ஆசைக்குச் சாப்பிட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

காந்தி பேரில் ஒரு கதை சொல்வார்கள். மகனைச் சர்க்கரை தின்னாதே என்று சொல்லச் சொல்லி ஒரு தாய் அழைத்து வருகிறாள். சில நாள் கழித்து வா என்கிறார் அவர். தான் முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதற்காக. நடந்ததோ இல்லையோ, அன்று பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கதைதான் மனதில் ஓடியது. நாளையிலிருந்து நானும் களி சாப்பிட ஆரம்பித்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். ரொம்பச் சுலபமான பிராயச்சித்தம்.

அடுத்த வாரம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். “தெரியும் கண்ணு” என்றார். அப்புறம் அவர் சொன்ன விஷயத்துக்குத்தான் என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. சின்ன வயதில் அவர் பண்ணையாள் வீட்டுப் பெண். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும். மற்ற நாளெல்லாம் கூலியாகக் கிடைத்த கேழ்வரகு, அதில் கூழ். “கூழு ஊத்துறப்ப பண்ணக்கார அம்மாவும் இதேதான் சொல்லும். ஒடம்புக்கு நல்லது, வேல செய்யத் தெம்புன்னு. அவுங்க ஊட்ல நெல்லுச்சோறு வேகும்.”

நான் காட்டிய சார்ட்டில் ஒரு எண்கூடத் தப்பில்லை. அந்தப் பண்ணைக்கார அம்மா சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் ஒரே உண்மையை யார், எங்கே நின்று சொல்கிறார்கள் என்பதில் அதன் அர்த்தம் மாறிவிடுகிறது. நான் களிக்கு மாறினால் அது என் தேர்வு. பிடிக்கவில்லையென்றால் மறுநாள் பொன்னிக்குத் திரும்பிவிடலாம். வேறு எதுவும் கிடைக்காமல் கூழ் குடித்தவருக்கு அரிசி வெறும் மாவுச்சத்து இல்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஏன் அப்படி எடுபட்டது என்பதைச் சத்துக் கணக்கை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் விலையில்லாமல் வரும் அரிசி அந்தப் பாட்டிக்கு, ஒருவரிடமும் கையேந்தாமல் தின்கிற பண்டிகைச் சோறு. நாங்கள் போய் அதைத்தான் ‘கம்மி பண்ணுங்க’ என்றோம்.

அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா? அதுவும் முடியவில்லை. அவருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொள்வதற்கும், எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விடுவதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. (பேச்சில் நாங்கள் மழுப்பிய இன்னொன்று: களியும் மாவுச்சத்துதான், அளவில்லாமல் தின்றால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். அவர் தட்டில் உண்மையில் குறைந்தது பருப்பும் முட்டையும் கீரையும்தான். ஆனால் சிறுதானிய ஆண்டு என்பதால் மேடையில் களிக்குத்தான் இடம்.)

ஆகவே அரிசியைப் பற்றிப் பேசுவதை விட்டேன். ரேஷனில் 30 ரூபாய்க்கு வருகிற ஒரு கிலோ துவரம் பருப்பு என்ன ஆகிறது என்று கேட்டேன். மகனுக்கும் பேரனுக்கும் குழம்பு ஊற்றியபின் அடியில் மிஞ்சுகிற ரசம் மருமகளுக்கும் இவருக்கும். அந்த வருஷம் தருமபுரி ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அது வாங்கிய பையோடு மூலையில் இருந்தது.

“கொண்டாந்துட்டா ஆச்சா? கல்லு பொறுக்கணும், கழுவிக் காயவெக்கணும், மிசினுக்குத் தூக்கிட்டுப் போவணும். அப்பறம் அடுப்புகிட்ட நின்னு கிண்டணும். நானும் கிண்டுனேன், எம் மாமியாளும் கிண்டுனா. இப்ப இவளக் கிண்டச் சொல்றியா?”

மருமகள் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போகிறவர். அரிசி என்றால் குக்கரில் மூன்று விசில். ‘ஆரோக்கிய உணவு’ என்று நாங்கள் சொன்னதற்குள் அந்தப் பெண்ணின் ஒரு மணி நேரம் ஒளிந்திருந்தது. எங்கள் சார்ட்டில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

“உங்க மகன் கிண்டட்டுமே பாட்டி” என்றேன். இந்த முறை வாய்விட்டுச் சிரித்தார், திண்ணையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டு நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். அவரும் சிரித்தார்.

அடுத்த கூட்டத்துக்கு ஆண்களும் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். மூன்று பேர் வந்தார்கள். பாட்டியின் மகன் வரவில்லை. ஆனால் கேழ்வரகுப் பையை மில்லுக்கு வண்டியில் கொண்டுபோய் அரைத்து வந்ததாக மருமகள் சொன்னார். ஒரு தடவை.