பெயரோடு வந்த தோட்டம்

இலங்கையில், வெலிமடையிலிருந்து பதுளைக்குப் போகும் வழியில் ஹாலிஎல. அதற்கருகே ஒரு தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் எழுத்தாளர் ஜோசப். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தார். அந்தத் தோட்டத்தின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு கொழும்பு, பிழைப்புக்குக் கணக்கு வேலை. எழுத உட்கார்ந்தால் மட்டும் மனம் மலையேறிவிடும். 1974இல் ‘காலங்கள் சாவதில்லை’ நாவல், 1979இல் ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைகள், பின்னர் மலையகச் சிறுகதை வரலாறு. எல்லாவற்றிலும் அதே மலையகத் தோட்ட மக்கள்.

இதுவும் கவனம்தான். நாமோ கைபேசியை அணைத்து ஒரு மணி நேரம் உட்காருவதையே கவனம் என்கிறோம். அது எளிது (அதுவும் பலருக்கு முடிவதில்லை!). அவரைப் போல ஒரே மக்களை அரை நூற்றாண்டு சலிக்காமல் பார்ப்பது வேறு காரியம். தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2013இல் தன் விருதைக் கொடுத்துத் தெளிவத்தை ஜோசப்பைக் கொண்டாடியபோது அவருக்கு வயது 79.