நெடுவாழ்வின் ஞாயிற்றுக்கிழமைகள்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ள தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் சில ஊர்ச் சபைகளைச் சேர்த்து அமைத்த நிர்வாகப் பிரிவுகளில், ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் பேணப்படுகின்றன. பாளையங்கோட்டையில் 1780-ஆம் ஆண்டு 40 பேரின் பெயர்களோடு தொடங்கிய சபைப் பதிவேடே இந்த வழக்கத்துக்கு அப்பகுதியில் மூலமாகும். எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, நடக்க முடிந்த கடைசி வாரம்வரை கோவிலுக்குப் போய்வந்த ஒரு தகப்பனாரின் பெயர், அவருக்கே உரிய பதிவாக இந்த ஏடுகளில் நான்கு இடங்களில்தான் காணப்படும். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் எழுதும் கட்டத்தில் இன்னும் சில முறை அது வரலாம். அந்தப் பதிவுகளுக்கு இடையே 4,000-க்கு மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள் கடந்துபோயிருக்கும். அவற்றில் அவர் கோவிலில் இருந்தார் என்பதை எந்த ஏடும் சொல்வதில்லை. இவ்வாறு பதியப்படாமல் போன பெரும்பகுதியை அவருடைய பிள்ளைகள் எவ்வாறு நினைவில் வைத்திருப்பது என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வியன்று.

ஒருவர் மறைந்தவுடன் சபை செய்வன யாவும் ஒழுங்குபட்டவை. இரட்டை மணியோ ஒற்றை மணியோ ஊர் வழக்கப்படி ஒலிக்கிறது. அடக்க ஆராதனையில், மனித ஆயுளின் குறுமையைப் பேசும் 90-ஆம் சங்கீதம் வாசிக்கப்படுகிறது. பின்னர் ஒரு நாளில் நினைவு ஸ்தோத்திரக் கூட்டம், அதாவது மறைந்தவரின் வாழ்வுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறும் கூட்டம், நடைபெறுகிறது. அந்தக் கூட்டத்தில் பேசுவோர், அவர் சேகரக் குழுவில் எத்தனை ஆண்டுகள் இருந்தார், கோபுரப் பணிக்கு எவ்வளவு கொடுத்தார், அசன விழாவை, அதாவது ஊரார் அனைவரும் ஒரே பந்தியில் உண்ணும் ஆண்டு விருந்தை, எத்தனை முறை பொறுப்பேற்று நடத்தினார் என்பவற்றையே பெரும்பாலும் எடுத்துரைக்கின்றனர். இவை பொய்யல்ல, சொல்லத் தகாதவையும் அல்ல. ஆனால் இவையெல்லாம் நிகழ்ச்சிகள். நெடுநாள் வாழ்ந்த பக்தியுள்ள ஒரு மனிதரின் வாழ்வோ நிகழ்ச்சிகளால் ஆனதைவிட மிகுதியாக, திரும்பத் திரும்பச் செய்தவற்றால் ஆனது. பதவியையும் நன்கொடையையும் மட்டும் நினைவில் வைக்கும் ஊர், பதவியும் பணமும் இல்லாத தகப்பன்மாரை ஒரே தலைமுறையில் மறந்துவிடுகிறது என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

அத்தகைய தகப்பன்மாரில் பெருந்தொகையினர் இப்பகுதியின் தேரிக்காட்டு ஊர்களில், அதாவது செம்மணல் மேட்டு நிலத்து ஊர்களில், பனைத்தொழில் செய்தவர்கள். பனையின் பாளையை நாள்தோறும் சீவியாக வேண்டும். சீவாமல் விட்டால் பதநீர் சுரப்பது குன்றிவிடும். ஆகவே பருவ காலத்தில் பனையேறிக்கு விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. முருக்குத்தடியைப் பனையில் சாய்த்து, காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டியுடன் விடியுமுன் ஏறத் தொடங்குபவர், பதநீர் புளிக்காதிருக்க உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயங்களை மரத்துக்கு மரம் இறக்கி, வீட்டில் கருப்பட்டி காய்ச்சுவதற்குச் சேர்ப்பித்த பிறகே தன் நாளைத் தன்னுடையதாகக் கருத முடியும். ஞாயிற்றுக்கிழமையும் இந்த விதிக்கு விலக்கன்று. ஆராதனைக்காக ஒலிக்கும் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு வந்த அந்த மனிதர், ஓய்வு நாளைப் பற்றிய பிரசங்கத்தை உடல் முழுதும் களைத்த நிலையில் கேட்டிருப்பார். அவருடைய வருகைக்குள் இருந்த விலை, மாதச் சம்பளமும் வார விடுமுறையும் உள்ள பிள்ளைகளுக்கு எளிதில் விளங்குவதில்லை.

மாலையில் நடந்த குடும்ப ஜெபமும் இவ்வகையதே. வீட்டார் பாயில் வட்டமாக அமர்ந்து, ஒரு கீர்த்தனை பாடி, வேதப்பகுதி ஒன்றை முறைவைத்து வாசித்து, இறுதியில் தகப்பன் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி ஜெபிக்கும் வழக்கம் அது. புரட்டஸ்டன்டு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு மூன்றும் ஞாயிறன்று ஐந்தும் வாசித்தால் ஓராண்டில் முழுவதும் முடிந்துவிடும் என்பது பல வீடுகளில் வழங்கிவந்த கணக்கு. ஐம்பது ஆண்டுகள் அப்படி வாசித்தவர், எவருக்கும் வேதபண்டிதராகத் தோன்றாமலே ஐம்பது முறை அந்நூலைக் கடந்திருப்பார். பிள்ளைகளுக்கு அந்த வாசிப்பின் பொருள் அப்போது புரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தங்கள் பெயர் ஒரு நாளும் விடுபடாமல் உச்சரிக்கப்பட்டதைக் கேட்டு வளர்ந்ததே அவர்களுக்குக் கிடைத்த பெரும் ஈவு என்று கருதலாம். தூக்கக் கலக்கத்தில் கேட்ட அந்தப் பெயர்வரிசை, தேர்வு, வேலை, திருமணம், நோய் என்று பிள்ளைகளின் வாழ்வு விரிந்ததற்கேற்ப நீண்டு, பின்னர் பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் ஏற்றுக்கொண்டது.

வேதாகமமே இத்தகைய வாழ்வை நினைவுகூரும் முறையைக் காட்டுகிறது. ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரம் ஒரு வம்ச வரலாறு. அதில் ஒவ்வொருவரும் இத்தனை வயதில் மகனைப் பெற்றார், பின்னர் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார், மேலும் பிள்ளைகளைப் பெற்றார், மரித்தார் என்னும் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. 969 ஆண்டுகள் வாழ்ந்ததாகக் கூறப்படும் மெத்தூசலாவுக்குக்கூட வேறு செய்தி எதுவும் இல்லை. அவருடைய தகப்பன் ஏனோக்குக்கோ அந்த வாய்பாடு மாறுகிறது: அவர் கடவுளோடு நடந்தார் என்று சொல்லப்படுகிறது. அவ்வாறு நடந்த 300 ஆண்டுகள் அவருக்கு மகன் பிறந்ததிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதும், அதே வரியில் அவர் மேலும் மகன்களையும் மகள்களையும் பெற்றார் என்று சேர்த்துச் சொல்லப்படுகிறது என்பதும் ஊன்றி நோக்கத் தக்கவை. வீட்டைத் துறந்து பெற்ற பக்தியாக அது காட்டப்படவில்லை. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே நடந்த நடையாகவே காட்டப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் யோசேப்பு பேசிய ஒரு சொல்லையும் சுவிசேஷங்கள் பதியவில்லை. ஆனால் அவரும் மரியாளும் பஸ்கா பண்டிகைக்கு ஆண்டுதோறும் எருசலேமுக்குப் போய்வந்தார்கள் என்பதை லூக்கா மறவாமல் எழுதுகிறார்.

ஆயினும் நெடுவாழ்வும் ஆலயப் பற்றும் சேர்ந்திருப்பதாலேயே ஒருவர் நல்ல தகப்பனாகிவிடுவதில்லை என்பதற்கும் அதே வேதாகமம் சான்று தருகிறது. ஆசாரியனாகிய ஏலி 98 வயதுவரை வாழ்ந்தவர். சீலோவில் இருந்த ஆலயத்தின் பணியிலேயே முதுமை அடைந்தவர். நாற்பது ஆண்டுகள் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவர். அவருடைய மகன்களாகிய ஓப்னியும் பினெகாசும் மக்கள் கொண்டுவந்த பலிகளையே சூறையாடியபோது, அவர் அவர்களைக் கண்டித்துப் பேசினாரேயன்றித் தடுக்கவில்லை. இஸ்ரவேலரின் உடன்படிக்கைப் பெட்டி பகைவரிடம் பறிபோன செய்தி கேட்டு அவர் இருக்கையிலிருந்து சரிந்து இறந்ததைச் சொல்லும் நூல், அவருடைய பக்தியையும் மறைக்கவில்லை, அவருடைய குறையையும் மறைக்கவில்லை. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களிலோ மறைந்த தகப்பனைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் வரக்கூடாது என்னும் கூச்சம் வலிமையானது. கோவிலில் முதல் வரிசையில் அமர்ந்தவரின் வீட்டில் அச்சம் ஆட்சி செய்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் நினைவுக் கூட்டத்தில் கேட்கும் புகழுரை அவர்களை மேலும் தனிமைப்படுத்தவே செய்யும். அன்போடு சொல்லப்படும் உண்மை, தகப்பனைக் கனம்பண்ணுவதற்கு மாறானதன்று. முகத்துதியைவிட அதுவே அவரை மனிதராக நிலைநிறுத்துகிறது.

மற்றொரு உண்மையும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. தகப்பனின் தவறாத வருகைக்குப் பின்னால் தாயின் தவறாத உழைப்பு இருந்தது. வெளுத்த வேட்டியும், ஞாயிறு சமையலும், ஒவ்வொரு உலைக்கும் முன்னர் கோவிலுக்கென்று எடுத்துவைத்த கைப்பிடி அரிசியும் அவளுடைய கணக்கில் சேர வேண்டியவை. தகப்பனின் பக்தியை மட்டும் தனியே எடுத்துப் போற்றுவது பாதி வரலாறே.

நெடுவாழ்வின் இறுதிப் பகுதியில், கோவிலுக்குப் போய்வரும் அந்தப் பழக்கம் வேறு வடிவம் கொள்கிறது. கால் தளர்ந்து கோவிலுக்குப் போக இயலாதபோது, குருவானவர் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருகிறார், போய்வந்தவர் காத்திருப்பவராகிறார். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாத ஊரடங்கின்போது, கோவில் கதவுகள் மூடப்பட்டதால், வாழ்நாளில் முதல் முறையாகப் பல முதியவர்கள் தொடர்ந்து பல ஞாயிறுகள் வீட்டில் இருக்க நேர்ந்தது. அக்காலத்தில் மறைந்தவர்களின் அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூட இயலாமற்போனதால், ஊரே திரண்டு வழியனுப்பியிருக்க வேண்டிய தகப்பன்மார் சிலர் அமைதியாக அடக்கம் செய்யப்பட்டனர். மறதி நோய் பற்றியவர்களிடம், மற்ற நினைவுகள் மங்கிய பின்பும் இளமையில் கற்ற பாடல்கள் நெடுநாள் தங்குவதை மருத்துவர்கள் கவனித்திருக்கின்றனர். பிள்ளைகளின் பெயரை மறந்த தகப்பன், தமிழ் இசை மரபில் இராக தாளத்தோடு இயற்றப்பட்ட கீர்த்தனைகளையோ மேனாட்டு மெட்டுகளில் அமைந்த பாமாலைப் பாடல்களையோ அடிபிறழாமல் பாடும்போது, பல ஆண்டு மாலை ஜெபங்கள் அவருக்குள் எவ்வளவு ஆழத்தில் தங்கியிருந்தன என்பது வீட்டாருக்கு வெளிப்படுகிறது.

அத்தகைய கீர்த்தனைகளில் பலவற்றை இயற்றியவரும், 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து 1864-இல் தஞ்சாவூரில் மறைந்தவருமான வேதநாயக சாஸ்திரியாரின் குடும்பம், நினைவுகூர்தலின் மற்றொரு வழியைக் காட்டியிருக்கிறது. அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகச் சாஸ்திரியார் என்னும் பட்டத்தைத் தாங்கி, அவருடைய பாடல்களைப் பாடிவருகின்றனர். கற்சிலையோ நினைவு மண்டபமோ தர இயலாத தொடர்ச்சியை, முன்னோர் செய்ததைத் தாமும் செய்வதால் அவர்கள் பெற்றனர். எல்லாக் குடும்பங்களுக்கும் இத்தகைய பாடற்செல்வம் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் தகப்பனின் நம்பிக்கையை அதே வடிவில் ஏற்றுக்கொள்வதும் இல்லை, ஏற்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் முறையன்று. ஆனால் கோவிலுக்குப் போகாத மகனுக்கும், தகப்பன் ஏன் போனார் என்பதைக் கேட்டறியும் உரிமையும் கடமையும் உண்டு.

தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுகிறவருக்கு நீடித்த ஆயுளை வாக்களிக்கும் ஐந்தாம் கட்டளையை எண்பது வயதைக் கடந்த ஒருவரிடம் வைத்து நோக்கினால், அவரும் ஒரு காலத்தில் தம் தகப்பனுக்குக் கீழ்ப்படிந்த பிள்ளையாக இருந்தவர் என்பது நினைவுக்கு வரும். அந்தத் தகப்பன் எப்படிப்பட்டவர், எந்தப் பாடலை விரும்பினார், எந்தப் பஞ்ச காலத்தில் கடன்பட்டார், எதற்காக ஒருமுறை கோவிலுக்குப் போகாமல் கோபித்து நின்றார் என்பவற்றை அறிந்த ஒரே மனிதர் அநேகமாக அவர்தான். சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, அவரருகே ஒரு முழு மாலை அமர்ந்து இவற்றைக் கேட்க வேண்டும். தாயையும் உடன் இருத்தி, அவள் திருத்துவதையும் சேர்த்து, நாள், ஊர், பெயர் ஆகியவற்றோடு எழுதிவைக்க வேண்டும். அவர் பாடுவதைக் கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். இதை அவர் காது கேட்கும் காலத்திலேயே செய்துவிடுங்கள்.