அன்றிக்கே அடிகளார் கட்டிய செபப் படிகள்

1578 அக்டோபர் 20. கொல்லத்தில் இயேசு சபையாரின் அச்சுக்கூடத்திலிருந்து 16 பக்கச் சிறுநூல் ஒன்று வெளிவந்தது. அதன் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில், இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அது. தமிழ் அச்சின் கதையைச் சொல்பவர்கள் இந்தத் தேதியைத் தவறாமல் சொல்கிறார்கள். அந்த நூல் எதற்காக அச்சேறியது என்பது பெரும்பாலும் பேச்சில் வருவதில்லை. வேம்பாறு முதல் மணப்பாடு வரை முத்துக்குளித்துறையில் வாழ்ந்த மக்கள் செபிக்க வேண்டும், புரிந்து செபிக்க வேண்டும், செபத்தில் வளர வேண்டும் என்ற ஏக்கத்தில் பிறந்த நூல் அது.

அதன் பின்னே இன்னும் மூன்று நூல்கள் வந்தன. 1579-ல் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1580-ல் ‘கொம்பெசியொனாயரு’, 1586-ல் ‘அடியார் வரலாறு’. நான்கையும் தமிழில் தந்தவர் ஒரே ஆசான். இன்று தமிழ்க் கத்தோலிக்கர் அவரை அன்றிக்கே அடிகளார் என்கிறார்கள். நான்கையும் வெளிவந்த வரிசையிலேயே வைத்துப் பார்த்தால், ஓர் ஆன்மா செபத்தில் ஏறிச்செல்லும் நான்கு படிகள் தெரிகின்றன. மனப்பாடம், கேள்வி, தன்னைத்தானே சோதித்தல், வாழ்க்கை. நம்மில் பலர் முதல் படியிலேயே காலமெல்லாம் நின்றுவிடுகிறோம். அப்படி யாரும் நின்றுவிடக்கூடாது என்று உழைத்த ஒருவர், தூத்துக்குடி மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார்.

அவர் 1520-ல் போர்ச்சுக்கலின் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். யூத வழிவந்த குடும்பம். அந்தக் காரணத்தாலேயே பிரான்சிஸ்கன் சபையில் அவருக்கு இடம் நிலைக்கவில்லை. 1545-ல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே இந்தியா வந்தார். பின்னர் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். வந்த இடத்தில் மொழி தெரியவில்லை. துபாசி வழியாகப் பேசினால் சொன்னது ஒன்று, போய்ச் சேர்வது ஒன்று. எனவே இரவு பகலாகத் தமிழ் படித்தார். வினைச்சொல் எப்படி மாறுகிறது, வேற்றுமை எப்படிச் சேர்கிறது என்று தாமே விதிகளைக் கண்டு எழுதி வைத்துக்கொண்டார். 1548 அக்டோபரில் வேம்பாற்றிலிருந்து ரோமில் இருந்த இயேசு சபை நிறுவனர் புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இந்த முயற்சியை விவரித்திருக்கிறார். அவர் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இன்றும் இருக்கிறது. இரண்டு பேர் வேலையை இவர் ஒருவரே செய்கிறார் என்ற பொருளில் புனித சவேரியார் இவரைப் பாராட்டி எழுதினார். கடவுளிடம் பேசக் கற்றுத்தர வந்தவர், முதலில் மக்களிடம் பேசக் கற்றுக்கொண்டார்.

அவருக்கு முன்பே நிலத்தை உழுதவர் சவேரியார்தான். 1542 அக்டோபரில் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவ மக்களுக்குச் செபம் சொல்லித்தர யாருமில்லை என்பதைக் கண்டார். இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்கார வைத்துச் சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், பத்துக் கட்டளைகள் எல்லாவற்றையும் தமிழாக்கச் செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார். மணியோசை கேட்டுப் பிள்ளைகள் கூடினார்கள். நாளைக்கு இரண்டு வேளை பாடம். கற்ற செபங்களை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு இட்ட கட்டளை. யாராவது நோயில் படுத்தால், சவேரியாரின் செபமாலையை ஏந்திக்கொண்டு அந்தப் பிள்ளைகளே போய் அருகில் நின்று செபித்தார்கள். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து ரோமிலிருந்த தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதம் இவற்றையெல்லாம் சொல்கிறது.

ஊர் ஊராகச் செல்பவர் ஒரே ஊரில் தங்க முடியாது. அதனால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். மக்களைக் கூட்டிச் செபம் சொல்லவைப்பதும், சாகும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அவர்களுக்குக் கூலி வேண்டுமே. போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தொகையைக் கணக்கப்பிள்ளைகளுக்குத் தரும்படி சவேரியார் அரசியைக் கேட்டுப் பெற்றார். ஓர் அரசியின் மிதியடிப் பணம் ஏழைக் குழந்தையின் செபமாக மாறிய கதை இது.

மணியோசை ஓய்ந்த பிறகும் செபம் நிலைக்க வேண்டும். அதற்குப் புத்தகம் தேவைப்பட்டது. 1554-லேயே லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செபநூல் அச்சாகியிருந்தது. அதில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருந்தன. துறை மக்களுக்கு அது எப்படிப் பயன்படும்? எனவே கோவாவிலும் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகளையே வார்த்தார்கள். செலவுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்கள். முத்துக்காக மூச்சடக்கி மூழ்கியவர்களின் உழைப்புப் பணத்தில்தான் தமிழ் எழுத்து முதன்முதலாக அச்சேறியது.

முதல் படிக்கு வருவோம். ‘தம்பிரான் வணக்கம்’ மனப்பாடத்துக்கான நூல். அடிப்படைச் செபங்களும் கட்டளைகளுமே அதில் உள்ளன. மனப்பாடச் செபம் வெறும் உதட்டுச் செபம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்த முத்துப் பாருக்குத் தோணியில் போனவன் கையில் புத்தகம் இருந்திருக்காது. பிரசவ வலியில் துடிப்பவளுக்கும், மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் அப்படியே. நெஞ்சில் பதிந்தது மட்டுமே அந்த நேரத்தில் கைகொடுக்கும். ஆகவே மனப்பாடம் இழிவானதன்று. அது முதல் படி, அவ்வளவுதான்.

மனப்பாடம் செய்த செபத்துக்குள் இறங்கவும் வழி உண்டு. இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ 1548-ல், அதாவது வேம்பாற்றுக் கடிதம் எழுதப்பட்ட அதே ஆண்டில், ரோமில் அச்சாயிற்று. அன்றிக்கே அடிகளார் வளர்ந்த பள்ளி அது. அந்நூல் மூன்று செப முறைகளைக் கற்பிக்கிறது. கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் நாம் எங்கே தவறினோம் என்று பார்ப்பது ஒன்று. தெரிந்த செபத்தில் ஒரு சொல்லை எடுத்து, அதில் பொருளும் சுவையும் கிடைக்கும்வரை அங்கேயே தங்கி, பிறகே அடுத்த சொல்லுக்குப் போவது இன்னொன்று. மூச்சுக்கு ஒரு சொல்லாக மெல்லச் சொல்வது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் மனத்தில் ஏற்கெனவே பதிந்த கட்டளையோ செபமோ வேண்டும். மனப்பாடம் இல்லாதவருக்கு இந்தக் கதவுகள் திறப்பதில்லை.

இரண்டாம் படி கேள்வி. 1579 நவம்பர் 14-ல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’, மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற போர்த்துக்கேய இயேசு சபையாரின் ஞானோபதேச நூலைத் தழுவியது. ஆசிரியரும் மாணவரும் கேள்வியும் பதிலுமாக உரையாடும் அமைப்பு. இங்கே நின்று சிந்திக்க வேண்டும். முந்தைய ஆண்டு மனப்பாடம் செய் என்று கொடுத்தவர், அடுத்த ஆண்டே அதன் பொருளைக் கேள் என்று கொடுக்கிறார். விசுவாசத்தில் கேள்விக்கு இடமுண்டு என்பதை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ச் செபநூல் தன் அமைப்பிலேயே காட்டிவிட்டது. வீட்டில் செபமாலை முடிந்ததும், ‘இதற்கு என்ன அர்த்தம்மா?’ என்று கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்கிறோமே, அந்தப் பிள்ளை இரண்டாம் படியில் கால் வைக்கிறது என்பதை அறியாமல் செய்கிறோம்.

மூன்றாம் படி கடினமானது. ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கு மனத்தை ஆயத்தம் செய்யும் நூல். செபிக்கிறவரின் பார்வை இங்கே தம் மேலேயே திரும்புகிறது. முத்துக்குளித்துறை பணம் புழங்கிய கரை. சிப்பியைப் பங்கு பிரிப்பது, முத்தை எடைபோடுவது, குளிப்பவருக்கு முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப்போடுவது என்று ஏமாற்ற ஆயிரம் வழிகள் இருந்த தொழில். காலையில் கோவிலில் முழந்தாளிட்டவர், மாலையில் தராசை எப்படிப் பிடித்தார்? இந்தக் கேள்வியைத் தாண்டாத செபம் வளராது. இஞ்ஞாசியார் ஆன்மச் சோதனையை ஒவ்வொரு நாளும் செய்யச் சொன்னார். தராசும் மீன் ஏலக்கூடமும் வட்டிக் கணக்கும் இன்றும் இந்தக் கரையில் இருக்கின்றன. துறைமுகத்துச் சரக்குக் கணக்கும், அலுவலகத்துக் கோப்பும் சேர்ந்திருக்கின்றன. சோதிக்க வேண்டிய இடங்கள் கூடியிருக்கின்றன, குறையவில்லை.

நான்காம் படி வாழ்க்கை. ‘பிளோஸ் சாங்க்தோரும்’ என்ற ‘அடியார் வரலாறு’ 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். திருவழிபாட்டு ஆண்டின் வரிசையில் ஆண்டவரின் திருநாள்களும் புனிதர்களின் வாழ்வும் அதில் விரிகின்றன. நடை, அக்காலத்து மக்கள் பேசிய தமிழ். செபத்தைப் பற்றிய விளக்கங்களைக் கேட்டு மாறுபவர்கள் சிலர். செபித்த மனிதர்களைக் கண்டு மாறுபவர்கள் பலர். அதனால்தான் 16 பக்கத்தில் தொடங்கியவர், முதுமையில் 600 பக்கத்துக்கும் மேல் மனிதர்களின் கதைகளைத் தந்தார்.

எழுதியவரின் வாழ்க்கையும் அந்தப் படியில்தான் இருந்தது. 1549-ல் இக்கரையின் தலைமைக் குருவான அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டார். அந்தப் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. 1553-ல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது பிடிபட்டுச் சிறையிருந்தார். விடுபட்டதும் ஊருக்குப் போய்விடவில்லை, இதே கரையில் தொடர்ந்தார். துறை மக்களின் காணிக்கையைக் கொண்டு புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தினார். புதிதாக வரும் குருக்கள் தமிழ் படிக்கவும் ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைப்புக்குப் பின் 1600 பிப்ரவரியில் புன்னைக்காயலில் உயிர் நீத்தார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று பனிமய மாதா பேராலயம் நிற்கும் இடம் அவர் நினைவைத் தாங்கும் இடமும்கூட.

சவேரியார் வாழ்விலும் இதே சாட்சி உண்டு. 1544-ல் வடுகர் படை கரையூர்களைச் சூறையாடியபோது, மக்கள் உயிர் தப்பிக் குமரி முனைப் பாறைகளில் உணவும் நீருமின்றிக் கிடந்தார்கள். செய்தி கேட்டதும் அவர் தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்காற்று தோணிகளைப் போகவிடவில்லை. கரை வழியே நடந்து போனார். மணியடித்துச் செபம் கற்றுக்கொடுத்த அதே மனிதர்தான் அரிசியைச் சுமக்க வழி தேடினார்.

அன்றிக்கே அடிகளாரின் நூல்கள் பல நூற்றாண்டுகள் நம் கண்ணில் படாமல் வெளிநாட்டு நூலகங்களில் கிடந்தன. தம்பிரான் வணக்கத்தின் படி ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1960-களில் இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகளார் முயற்சியில், தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் இந்நூல்களை மீண்டும் பதிப்பித்தது. எழுதப்பட்ட கரைக்கே அவை திரும்பி வந்தன.

அந்த நான்கு படிகளை இன்றைய வீட்டுக்குக் கொண்டுவருவது கடினமன்று. ஜூலை 26-ல் பனிமய மாதா கொடியேறி ஆகஸ்ட் 5 வரை திருவிழா நடக்கிறது. அந்த நாள்களில் குடும்பமாக இதைத் தொடங்கலாம். இரவுச் செபத்தில் ஒரு செபத்தை மட்டும் எடுத்து, சொல்லுக்குச் சொல் நிறுத்தி மெதுவாகச் சொல்லுங்கள். முடிந்ததும் வீட்டின் கடைக்குட்டி ஒரு கேள்வி கேட்கட்டும், பெரியவர்கள் பதில் சொல்லட்டும். பதில் தெரியாவிட்டால், மறுநாள் பங்குத் தந்தையிடம் கேட்டு வந்து சொல்லட்டும். பிறகு விளக்கை அணைக்கும் முன், அன்றைய கொடுக்கல் வாங்கலில் யாருக்குக் குறை வைத்தோம் என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் பாருங்கள். குறைத்தது காசானால், காலையில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.