காசு கொடுக்காத மென்பொருளும் கேட்காமல் நுழையும் கண்ணும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய இஸ்லாமியப் பெருமக்களே! முதலில் எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

ஹஜ்ஜத்துல் வதாவில் ஆற்றிய உரையில் நபி (ஸல்) அவர்கள் நம் உயிரும் பொருளும் மானமும் புனிதமானவை என்று அறிவித்தார்கள். இவற்றில் பொருள், மானம் இரண்டையும் பற்றி இன்று பார்ப்போம். நம் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் இந்த இரண்டும்தான் தினமும் சோதனைக்கு உள்ளாகின்றன.

முதலில் பொருள். கடையில் ஒரு பேனாவைக் காசு கொடுக்காமல் எடுத்துவர உங்களுக்கு மனம் வராது. ஆனால் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள மென்பொருளை 'கிராக்' செய்து போட்டுக்கொள்ள யாருக்கும் கை நடுங்குவதில்லை. "நகல்தானே எடுத்தேன், அவனிடம் எதுவும் குறையவில்லையே" என்கிறோம். "பெரிய கம்பெனி, அவனுக்கென்ன நஷ்டம்" என்கிறோம்.

சகோதரர்களே! 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி சூரா மாயிதாவின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. லைசென்ஸ் என்பதும் ஓர் ஒப்பந்தம்தான். நம் நாட்டுச் சட்டமும் இதைக் குற்றமென்றே சொல்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு, 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

ஜும்ஆ நோட்டீஸ் தயாராகும் பள்ளிவாசல் அலுவலகக் கணினியில் என்ன இருக்கிறது? மதரஸா கணினியில் என்ன இருக்கிறது? நிர்வாகிகளே, இன்றே பாருங்கள். ஹராமான கருவியால் ஹலாலைப் பற்றி அச்சடித்துக் கொடுப்பது நமக்குத் தகுமா?

இனி மானம். திருட்டைத் தடுக்க வேண்டும் என்பது விற்பவரின் நியாயமான உரிமை. ஆனால் அதைக் காரணம் காட்டி அவர் எதையும் செய்துவிட முடியாது. 2005-ல் சோனி பிஎம்ஜி நிறுவனம் இசைத்தட்டுகளில் ஒரு நகல் தடுப்பு நிரலை வைத்தது. தட்டைக் கணினியில் போட்டால் அந்த நிரல் உள்ளே இறங்கி, உரிமையாளரின் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டது. வைரஸ்களும் அதே மறைவில் ஒளிந்துகொள்ள வழி பிறந்தது. கடைசியில் நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. இதில் பாதிக்கப்பட்டவர்கள் யார்? நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள்!

ஒருவர் நபி (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவுத் துவாரம் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். நபியவர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்க வேண்டும் என்ற சட்டமே பார்வையின் காரணமாகத்தான் வந்தது என்று விளக்கினார்கள். இது புகாரியில் வரும் செய்தி. ஒருவருடைய கணினிக்குள் அவர் அறியாமல் பார்ப்பதும் அந்தத் துவாரத்தின் வழியாகப் பார்ப்பது போன்றதுதான். சூரா ஹுஜுராத்தின் 12-வது வசனம் வீண் சந்தேகத்தையும் துருவி ஆராய்வதையும் சேர்த்தே தடுக்கிறது. ஏனெனில் சந்தேகம்தான் வேவு பார்ப்பதற்கு வாசல்.

வேவு பார்க்காமல் திருட்டைத் தடுக்க முடியாதா? முடியும். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி 'ஆக்டிவேஷனை'க் கட்டாயமாக்கியது. ஆனால் பெயர், முகவரி தந்து பதிவு செய்வதை அவரவர் விருப்பத்திற்கு விட்டது. பூட்டுப் போடுவது வேறு, வீட்டுக்குள் புகுந்து பார்ப்பது வேறு.

"அவன் என் விவரங்களை எடுக்கிறான், நான் அவன் பொருளை எடுக்கிறேன், சரியாகிவிட்டது" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இது மார்க்கத்தின் கணக்கல்ல. நம்பியவருக்கு அமானத்தைத் திருப்பிக் கொடுக்கவும், மோசடி செய்தவருக்குக்கூட மோசடி செய்யாதிருக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

ஆகவே நான்கு காரியங்கள் செய்யுங்கள். விலை கொடுக்க இயலாதவர் லினக்ஸ், லிப்ரே ஆபிஸ், கிம்ப் போன்ற இலவச மென்பொருள்களுக்கு மாறட்டும். ஹலாலான வழி திறந்தே இருக்கிறது. பதிவுப் படிவத்தில் அவசியமானதை மட்டும் கொடுங்கள். அதிகமாகக் கேட்டால் பொய்ப் பெயர் எழுதாதீர்கள், அந்த மென்பொருளையே விட்டுவிடுங்கள். மென்பொருள் தயாரிக்கும் இளைஞர்களே, தேவைக்கு மேல் ஒரு விவரமும் கேட்காதீர்கள். கேட்டு வாங்கியது உங்களிடம் அமானத். இதுவரை திருட்டு நகல் வைத்திருப்பவர் அதை நீக்கி, தவ்பா செய்து, முடிந்தால் உரிய விலையைக் கொடுத்துவிடட்டும். மறுமையில் மற்றவரின் ஹக்குடன் நிற்பதைவிட இங்கே கொடுத்துத் தீர்ப்பது எவ்வளவோ லேசு!

பிறர் பொருளிலும் பிறர் அந்தரங்கத்திலும் கை வைக்காத நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.