சாவியை யார் வாங்குவது?

அறிந்து செய்வது குற்றம்; அறியாமற் செய்வது பிழை. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு எளிதில் விளக்கிவிடலாம். ஆனால், தன் அறிவு குறைந்துவிட்டது என்பதை உணரும் அறிவே ஒருவருக்கு இல்லாது போனால், அவரை எந்த வரிசையில் நிறுத்துவது?

2014 டிசம்பர் 22ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குப்பை லாரி ஓட்டுநர் ஒருவர் நினைவிழந்தார். லாரி நடைபாதையில் ஏற, அறுவர் மாண்டனர். 2010இல் பேருந்தில் தமக்கு நேர்ந்த மயக்கத்தை அவர் மறைத்திருந்தார் என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. இங்கே தீர்ப்புக் கடினமன்று, அறிந்தவர் சொல்லவில்லை. வலிப்பு நோயுடையாரும் தம் நோயை அறிந்தவரே. வலிப்பின்றி ஓராண்டு கழிந்தால் பிரிட்டனில் அவர்களுட் பெரும்பாலோர் மீண்டும் கார் ஓட்டலாம். ஆகவே, உண்மை சொல்வதால் எல்லாம் போய்விடுவதில்லை.

மூளையின் வலப்பாதி பக்கவாதத்தால் தாக்குண்ட சிலருக்கோ, இடப்பக்கம் என்பதே கருத்தினின்று மறைந்துவிடுகிறது. கண்ணிற் பழுதில்லை, கவனம் அங்கே செல்வதில்லை. தட்டின் வலப்பக்கச் சோற்றை மட்டும் உண்டு எழுந்துவிடுவர். நம் நாட்டுச் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் செல்வதோ பெரும்பாலும் இடப்பக்கம்! அல்சைமர் நோயின் போக்கு வேறு. பல்லாண்டுப் பழக்கத்தால் கை கியரை மாற்றும்; கால் பிரேக்கை மிதிக்கும். நாற்சந்தியில் ஒரே நேரத்திற் பலவற்றை நோக்கி விரைந்து முடிவெடுக்கும் திறனே முன்னதாகத் தளர்கிறது. வீட்டாரோ, ‘நன்றாகத்தானே ஓட்டுகிறார்’ என்று ஏமாறுகின்றனர்.

பிரிட்டனின் சட்டம் நோயாளியையே அறிவிக்கச் சொல்கிறது. மறந்தவரிடமே நினைவூட்டலைக் கேட்கிறது. கலிபோர்னியாவில் மருத்துவர் அறிவித்தாக வேண்டும். அதனால் நோயாளி மருத்துவரிடமே ஒளிக்கக்கூடும் என்பது உண்மைதான். எனினும், தன் நிலையைத் தானே அறியாதவர் திறத்தில் பின்னதே எனக்குச் சரியெனப்படுகிறது. அதற்காக நோயின் பெயரைக் கேட்டவுடன் உரிமத்தைப் பறிப்பதும் முறையன்று. தொடக்க நிலையில் நன்கு ஓட்டுவோரும் உளர். சாலையில் ஓட்டிக் காட்டச் செய்து முடிவெடுக்கலாம்.

இவ்வளவும் எழுதும் நான் செய்தது என்ன? எனக்கு ஆசிரியராயிருந்த பெரியவர் ஒருவர் ஞாயிறுதோறும் தம் காரில் என் இல்லம் வருவார். ஒருநாள் இருபது நிமிடப் பயணத்திற்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மகன், “ஐயா, நீங்கள் சொன்னால்தான் அப்பா கேட்பார்” என்றார். நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அதற்கு மரியாதை என்று பெயரிட்டுக்கொண்டேன். உண்மையில் அது கோழைத்தனம். அந்த மூன்று ஞாயிறும் அவர் சாலையில் இருந்தார். எவர்க்கும் தீங்கு நேராதது என் நற்பேறு.

பின்னர் ஒருநாள், “ஐயா, இனி நானே வந்து அழைத்துச் செல்கிறேன்” என்றேன். நெடுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு சாவியை மேசைமீது வைத்தார்.

அடுத்த ஞாயிறு நான் சென்றபோது வாசலில் நின்றிருந்தார்.

“தம்பி, என் காரை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நீ பார்த்தாயா?” என்றார்.