வெறும் தேரைதான்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். ஆரியங்காவு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டின் குறுக்கே ஏதோ தாவியது. பிரேக் பிடிப்பதற்குள் முன்சக்கரம் ஏறிவிட்டது. சத்தம் ஒன்றும் இல்லை. கைப்பிடி வழியாக உள்ளங்கைக்குச் சின்னதாக ஒரு அதிர்வு வந்தது, அவ்வளவுதான்.

இறங்கி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். தவளை மாதிரி இருந்தது. படம் எடுத்து, தவளைகளை ஆராயும் நண்பனுக்கு அனுப்பினேன். காரணம் பயம். அந்த மலைத் தவளைகளைப் பற்றி அவன் சொன்ன கதைகளெல்லாம் தலைக்குள் ஓடின. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "டேய், இது வெறும் தேரைடா. எங்க வீட்டு பாத்ரூம்லயே ரெண்டு கெடக்கு."

அப்பாடா என்றிருந்தது.

அந்த 'அப்பாடா'தான் இன்றுவரை என்னை விடவில்லை. செத்தது செத்ததுதானே? எனக்கு ஏன் நிம்மதி வந்தது?

நான் எதற்குப் பயந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2003இல் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போசுயிட்டும் 'நேச்சர்' இதழில் ஒரு தவளையை அறிமுகப்படுத்தினார்கள். இடுக்கியில் கிடைத்தது. ஊதா நிறம், உப்பிய உடம்பு, பன்றியைப் போலக் கூர்த்த மூக்கு. மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழும். மழை தொடங்கும்போது, வருஷத்தில் சில நாட்கள் மட்டும் இணைசேர மேலே வரும். மாவேலித் தவளை என்றும் கேரளத்தில் இதற்குப் பெயர் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து வருகிறவர் மகாபலிதானே.

இந்தத் தவளையின் நெருங்கிய சொந்தங்கள் இந்தியாவில் வேறெங்கும் இல்லை. ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. தவளையின் தோல் உப்புநீரைத் தாங்காது. நீந்திப் போயிருக்க வழியில்லை. பிரிந்து போனது நிலம். கோண்டுவானா என்ற தென்பெருங்கண்டம் உடைந்து, சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன்னால் இந்தியாவும் சீஷெல்ஸும் ஒன்றாக மடகாஸ்கரை விட்டு விலகின. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கிய காலத்தை ஒட்டி, சுமார் 6.5 கோடி வருஷங்களுக்கு முன்னால் சீஷெல்ஸும் கழன்றுகொண்டது. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவில் போய் மோதியது. அவ்வளவு தூரமும் இந்தத் தவளையின் முன்னோர்கள் மண்ணோடு மண்ணாக வந்திருக்கிறார்கள்.

2017இல் அதே பேரினத்தின் இரண்டாவது இனம் நம் பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் கிழக்குச் சரிவிலிருந்து அறிவிக்கப்பட்டது. 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விழுந்து இறந்த ஆய்வாளர் சு. பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி வெளியே வரும், இது வடகிழக்குப் பருவமழைக்கு வரும். நடுவில் மலை நின்று மழையைப் பங்கு பிரிக்கிறது. தவளையின் காலண்டரும் அதன்படிதான்.

என் சக்கரம் ஏறியதும் ஐப்பசி மழையில்தான். பயம் புரிகிறதா?

இன்னொன்றும் உண்டு. நான் போன பாதையே ஒரு எல்லைக்கோடு. தெற்கே அகத்தியமலை, வடக்கே ஏலமலை, இரண்டுக்கும் நடுவே மலை தாழ்ந்து கொடுக்கிற இடம் செங்கோட்டைக் கணவாய். தாழ்வு என்பது நமக்கு வசதி. 1904இல் அந்த வழியாக ரயில் விட்டதும் அதனால்தான். ஆனால் குளிர்ந்த ஈரக் காட்டில் வாழும் புதர்த்தவளைக்கு அதே தாழ்வு ஒரு மதில். அதன் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வருவதில்லை, நேராகக் குட்டித்தவளையே வருகிறது. ஓடைகூட வேண்டாம், ஈரக்காற்று போதும். அந்த ஈரம் கணவாயின் வெக்கையில் கிடையாது. இறங்கி மறுபக்கம் ஏற முடியாமல் லட்சக்கணக்கான வருஷங்கள் அங்கங்கேயே இருந்ததில், இந்தப் பக்கம் ஓர் இனம், அந்தப் பக்கம் வேறோர் இனம் என்று ஆகிவிட்டன. நாம் அரைமணி நேரத்தில் டீ குடித்துவிட்டுக் கடக்கிற இடம் அது.

இந்தப் பெரிய கதைக்குள் தேரைக்கு இடமில்லை. தேரைக் குடும்பம் தென் அமெரிக்காவில் தோன்றி, பரவி, இங்கே பிற்பாடு வந்து சேர்ந்தது. இப்போது என் நிம்மதியின் கணக்கு எனக்கே தெரிகிறது: முதலில் வந்தது உசத்தி, பின்னால் வந்தது மட்டம். பூர்வகுடி செத்தால் பாவம், வந்தேறி செத்தால் பரவாயில்லை. இந்தக் கணக்கை மனுஷர்கள் மேல் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அன்றைக்கு ரோட்டில் நின்று நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

நண்பனிடம் கேட்டேன். "பழசுங்கிறதெல்லாம் சும்மாடா" என்றான். "எந்தத் தவளைய எடுத்தாலும் முன்னோர் வரிசை ஒரே நீளம்தான். தேரைக்குச் சொந்தக்காரங்க நூத்துக்கணக்குல இருக்காங்க. ஊதாவுக்கு ஆள் இல்ல. அது போச்சுன்னா கிளையே போச்சு."

அவன் சொன்னதை வைத்துத்தான் யோசிக்கிறேன். இழப்பு வேறு, தவறு வேறு. ஊதாத்தவளை அழிந்தால் உலகத்துக்கு இழப்பு பெரிது. எதைக் காப்பாற்றப் பணமும் ஆளும் ஒதுக்குவது என்று வரும்போது, கிளை முறியுமா என்று பார்ப்பதுதான் நியாயம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது உலகத்தின் கணக்கு. சக்கரத்தடியில் கிடந்த உயிரின் கணக்கு அதில் வராது. ஊதாத்தவளைக்கு கோண்டுவானா ஞாபகம் இல்லை, தேரைக்கும் தென் அமெரிக்கா ஞாபகம் இல்லை. இரண்டுக்கும் அன்றைய மழை மட்டும்தான் இருக்கிறது. முதல் கணக்கில் நஷ்டம் இல்லை என்பதைக் காட்டி, இரண்டாவது கணக்கை நான் தள்ளுபடி செய்துகொண்டேன். 'வெறும்' என்ற சொல் அதற்குத்தான் உதவியது.

கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் கடவுள் படியளக்கிறார் என்று பாட்டி சொல்வார். அந்தச் சொலவடைக்கு ஏன் தேரையைப் பிடித்தார்கள்? யாரும் பொருட்படுத்தாத உயிர் என்பதால்தான் இருக்கும்.

போன வாரம் மறுபடி அதே ரோடு, அதே மழை. முப்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தே கொன்றுவிட்டார். புனலூர் போய்ச் சேர்ந்ததும் நண்பன் போனில் கேட்டான்: "வழியில ஏதாச்சும் பாத்தியா?"

"ஒரு தேரைய பாத்தேன்" என்றேன். "தாண்டிப் போற வரைக்கும் நின்னுட்டு வந்தேன்."