பாட்டனார் விட்டுச் சென்ற கடன்

மறைந்த பெரியோரை நினைவுகூர்வது நல்லோர் இயல்பு. ஆனால், நினைவுகூர்தல் என்பது யாது? அவர்தம் புகழை எடுத்துரைப்பதா? அவர்தம் குறையை மறைப்பதா? அன்றி, அவர்கள் முடிக்காது விட்டதை நாம் ஏற்று முடிப்பதா? எம் பாட்டனாரை எண்ணும்போதெல்லாம் இவ்வினா எம் உள்ளத்தில் எழுகின்றது.

திருச்செந்தூர் வட்டாரத்துக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் அவர் கருப்பட்டி வணிகம் செய்து வந்தார். தேரி மணற்காட்டுப் பனையேறிகளிடம் சிப்பம் சிப்பமாக வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புவார். எடை போடும்போது தராசு முள்ளைத் தாம் பார்க்கமாட்டார்; விற்க வந்தவரையே பார்த்துச் சொல்லச் சொல்வார். தந்தையை வாப்பா என்றும், அவருடைய தந்தையை அப்பா என்றும் அழைப்பது எம் ஊர் வழக்கம். ‘அப்பா’ என்ற சொல்லைக் கேட்டால், சுபுஹுத் தொழுகை முடிந்து திரும்பியதும் எம் உள்ளங்கையில் அவர் வைக்கும் கருப்பட்டித் துண்டுதான் இன்றும் எமக்கு நினைவில் இனிக்கின்றது.

1962-இல் அவர் இறையடி சேர்ந்தார். ஜனாஸாத் தொழுகைக்கு முன், “இவர் எவருக்கேனும் கடன்பட்டிருந்தால் என்னிடம் வாருங்கள்” என்று வாப்பா முறைப்படி அறிவித்தார்கள். வந்து கேட்டோருக்குக் கடையையும் சரக்கையும் விற்றுக் கொடுத்ததில் கணக்குச் சரியாய்ப் போயிற்று. வாரிசுகளுக்கென்று எதுவும் எஞ்சவில்லை. வீடோ பாட்டியாருக்கு அவர்தம் தாய்வீட்டார் கொடுத்தது. கடன் தீர்ந்தது என்றே அனைவரும் நம்பினோம்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1980-இல், வீட்டைப் பழுது பார்த்தபோது பரணில் எட்டுப் பேரேடுகள் கிடைத்தன. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் அமைந்தவை. எமக்கு அதனைப் படிக்கத் தெரியாது. வாப்பாதான் படித்துக் காட்டினார்கள். 1955-ஆம் ஆண்டு ஏட்டில், ஒரு பனையேறிக்குத் தர வேண்டியது ரூபாய் 47, அணா 12 என்று ஒரு பற்று. பக்கத்தில் சிப்பங்களின் எண்ணிக்கை. அடுத்த ஆண்டு ஏட்டின் முதற் பக்கத்தில் அதே பற்று பெயர்த்தெழுதப்பட்டிருந்தது. அதற்கடுத்த ஏட்டிலும் அவ்வாறே. 1957-இல் நயா பைசா வந்ததும் அது 47 ரூபாய் 75 நயா பைசா ஆயிற்று. இறுதி ஏட்டிலும் அது இருந்தது. பனையேறியின் குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்து போனதால் கொடுக்க இயலாது போயிருக்க வேண்டும்.

இதில் மனம் நோகும் செய்தி ஒன்றும் உண்டு. எம் மாமியாரின், அதாவது வாப்பாவின் தங்கையின், திருமணம் சிறப்பாக நடந்தது அந்த 1955-இல்தான். பனையேறியின் உழைப்புக்குரிய பணம் பந்தலிலும் விருந்திலும் போயிற்றோ என்ற ஐயத்தை எவராலும் தவிர்க்க முடியவில்லை. எம் சிறிய தந்தையார் சொன்னார்: “காக்கா, இதை வெளியில் சொன்னால் வாப்பாவுடைய பெயருக்கு இழுக்கு. அவர்கள் சொத்தில் நமக்கு ஒரு காசும் வரவில்லை. ஷரீஅத்தும் நம்மைக் கட்டாயப்படுத்தாது.”

அவர் கூற்று தவறன்று. இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து, பாகப்பிரிவினைக்கு முன்பே, தீர்க்கப்பட வேண்டும். பொருள் இல்லையெனில் வாரிசு தன் கைப்பொருளைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆயினும் வாப்பா சொன்னார்கள்: “அவர்கள் பெயரைக் காப்பது வேறு, அவர்களைக் காப்பது வேறு.”

கடன்பட்டு இறந்த ஒருவருக்குத் தொழுவிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கி நின்றபோது, அக்கடனைத் தாம் ஏற்பதாக அபூ கத்தாதா (ரலி) அவர்கள் முன்வந்த செய்தியை நாம் அறிவோம். சட்டம் நின்றுவிடும் இடத்திலிருந்து அன்பு நடக்கத் தொடங்குகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

குலப்பெருமை பேசுதலை நம் மார்க்கம் கண்டித்தது. முன்னோர் ஈட்டியது முன்னோருக்கே, நாம் ஈட்டுவது நமக்கே என்பது திருமறை தரும் தெளிவு. எனினும், எட்டு வயதுவரை தம்மை வளர்த்த பாட்டனாரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறந்தார்களில்லை. 630-இல் ஹுனைன் களத்தில் படை சிதறிய வேளையில், தாம் அப்துல் முத்தலிபின் வழித்தோன்றல் என்று முழங்கி நிலைகுலையாது நின்றார்கள். எங்கே அப்பெயர் சொல்லப்பட்டது என்பதை எண்ண வேண்டும். சலுகை கேட்கும் இடத்திலன்று, உறுதியாய் நிற்க வேண்டிய இடத்தில். பாட்டனார் பெயரைச் சொல்லத் தகுந்த இடமும் அதுவேயாகும்.

விசாரித்து விசாரித்து, மறு ஆண்டில் அப்பனையேறியின் பேரரை ஓர் ஊரில் கண்டுபிடித்தோம். அத்தனை சிப்பங்களுக்கு உடன்குடிச் சந்தையில் அப்போது என்ன விலையோ, அதை வாப்பா எடுத்துச் சென்றார்கள். 47 ரூபாய் 75 காசை மட்டும் நீட்ட அவர்கள் மனம் ஒப்பவில்லை.

அந்த இளைஞர் திகைத்தார். “ஐயா, இப்படி ஒரு பணம் வரவேண்டும் என்று எங்கள் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லையே!” என்றார்.

“அவர் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை, தம்பி. நாங்கள் கொடுக்காமல் விட்டால் அது எங்கள் சிறுமை” என்றார்கள் வாப்பா.

அவர் நெடுநேரம் மறுத்து, பிறகு பெற்றுக்கொண்டார். வீடு திரும்பியதும், இறுதி ஏட்டிலிருந்த அப்பற்றின் மீது வாப்பா ஒரு கோடு இழுத்து, தேதியிட்டார்கள்.

அப்பா குறையற்றவர் என்று நாம் இப்போது சொல்வதில்லை. கொடுக்க முடிந்த காலத்தில் கொடுக்கத் தவறியிருக்கலாம். ஆனால், தம் குறையைத் தம் கையாலேயே எட்டு முறை எழுதி வைத்தார், ஒருமுறையும் அழித்தாரில்லை. அவர் எமக்கு விட்டுச் சென்ற செல்வம் அந்த எட்டு வரிகள்தாம். இன்றும் எவருக்கேனும் கொடுக்க வேண்டியதை நாளை என்று தள்ளும்போது அவை எம் கண்முன் வந்து நிற்கின்றன.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும் பேறு பெற்றோர், அவர்களிடம் பழங்கதைகளைக் கேட்கும்போது, “யாருக்கேனும் நீங்கள் கொடுக்க வேண்டியது உண்டா?” என்றும் அன்போடு கேட்டு வைத்தல் நலம். இறைவன் அவர்தம் சுமைகளை இலேசாக்குவானாக; அதற்கு நம் தோள்களையும் தகுதியாக்குவானாக.